கிடங்குத் தரைக்கு எபாக்ஸி பூச்சு: பாதி பாதியாகச் செய்து முடித்த அனுபவம்

ஆண்டுக்கொரு முறை கடைக்கு வெள்ளையடிக்கிறோம். ஆயுத பூஜைக்கு ஷட்டருக்குப் பெயிண்ட் அடிக்கிறோம். தராசைத் துடைத்துச் சந்தனம் வைக்கிறோம். ஆனால் நம் முதல் முழுவதும் எதன்மேல் அடுக்கப்பட்டிருக்கிறதோ, அந்தக் கிடங்குத் தரையை மட்டும் நாம் குனிந்து பார்ப்பதில்லை.

பழைய சிமெண்டுத் தரை தேயத் தேயத் தூள் விடும். மூட்டையை இழுத்தால் ஒரு கோடு, கைவண்டி உருண்டால் ஒரு கோடு, காலையில் பெருக்கினால் முறம் நிறையச் சாம்பல் நிறத் தூசி. அந்தத் தூசிதான் துவரம் பருப்பு மூட்டையின் தையலிலும், திறந்து வைத்த மல்லிச் சாக்கிலும் போய் உட்காருகிறது. இதற்கு மருந்து என்று இப்போது பல ஊர்களிலும் எபாக்ஸி பூச்சைச் சொல்கிறார்கள். வாகன ஷெட்டுகளிலும் மருந்துக் கம்பெனிகளிலும் பளபளவென்று தெரிகிறதே, அந்தத் தரைதான். நம் உறுப்பினர்கள் சிலர் இது பற்றி விசாரித்து வருவதால், எங்கள் கிடங்கில் ஒரு முறை கெடுத்து, மறுமுறை திருத்திக் கொண்ட கதையை இங்கே எழுதுகிறோம்.

எங்கள் கிடங்கு 600 சதுர அடி. கடைக்குப் பின்புறம், பக்கத்துச் சந்தில் ஷட்டர். ஷட்டரை ஒட்டி உள்ளே குட்டியானை வண்டி நிற்கும் இடம். முதல் தடவை ஒரு ஒப்பந்தக்காரரைப் பேசி, ஐப்பசி மாதம் தீபாவளிச் சரக்கு காலியான மறுநாளே, மூன்று நாளில் முழுத் தரைக்கும் பச்சைப் பூச்சுப் பூசி வாங்கினோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கார்த்திகை முடிவதற்குள் சுவரோரம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. எண்ணெய் டின் அடுக்கும் மூலையில் பாய் சுருட்டியது போல உரிந்தது. வண்டிச் சக்கரம் நின்ற இடத்தில் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. தை மாதத்தில் வாடிக்கைக்கார அம்மாள் ஒருவர் உளுந்துப் பொட்டலத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, அதிலிருந்த பச்சைச் சில்லு ஒன்றை விரலால் எடுத்துக் காட்டினார். அவர் சத்தம் போடவில்லை. அதுதான் எங்களுக்குக் கூடுதல் கஷ்டமாக இருந்தது.

இதில் சட்டமும் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் கீழ் 2011-ஆம் ஆண்டு வந்த உரிமம், பதிவு பற்றிய விதிமுறைகளின் 4-ஆவது அட்டவணை, தரையும் சுவரும் கூரையும் தூசி சேராதபடி நல்ல நிலையில், வழவழப்பாக, எளிதில் சுத்தம் செய்யும்படி இருக்க வேண்டும். உரியும் பெயிண்டோ காரையோ இருக்கக்கூடாது என்கிறது. ஆக, உரிகிற எபாக்ஸி தரையைவிட ஒன்றும் பூசாத வெறும் சிமெண்டுத் தரை எவ்வளவோ மேல். காசையும் கொடுத்துக் குற்றத்தையும் வாங்கிக்கொள்ளக் கூடாது அல்லவா?

இது பெயிண்ட் அல்ல

அரால்டைட் பசை நமக்கெல்லாம் தெரியும். சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி 1946-இல் அறிமுகப்படுத்தியது. இரண்டு டியூப், இரண்டையும் சேர்த்துக் குழைத்தால் கல்லாகும். தரைக்குப் பூசும் எபாக்ஸியும் அதே இனம்தான். ஒரு டப்பாவில் பிசின், இன்னொரு டப்பாவில் அதைக் கடினமாக்கும் திரவம். இரண்டும் கலந்தவுடன் ரசாயன மாற்றம் தொடங்கிவிடும். சாதாரண பெயிண்ட் காற்றில் காய்கிறது. இது தனக்குள்ளேயே இறுகுகிறது. இறுகும்போது சூடும் கிளம்பும். இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் பாதி ஏமாற்றங்கள் வராது.

கலந்த பூச்சு வாளியில் 20 முதல் 40 நிமிடம் வரைதான் தாங்கும். வெயில் காலத்தில் அதுவும் குறையும். வாளியில் மொத்தமாக வைத்திருந்தால் தன் சூட்டிலேயே சீக்கிரம் கெட்டியாகிப் புகையக்கூட ஆரம்பிக்கும். ஆகவே கலந்தவுடன் தரையில் நீளமாக ஊற்றிப் பரப்பிவிட வேண்டும். கடினமாக்கியைக் கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் காயும் என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். இது தவறு. விகிதம் தப்பினால் எந்தக் காலத்திலும் முழுதாக இறுகாமல் பிசுபிசுப்பாகவே கிடக்கும். டப்பாவில் எழுதியிருப்பது எடை விகிதமா, கொள்ளளவு விகிதமா என்று படித்துவிட்டு, எடை என்றால் நம் மேஜைத் தராசிலேயே நிறுத்துக் கொடுத்துவிடலாம். நிறுத்துக் கொடுப்பது நமக்குப் புதிதா என்ன?

அடுத்தது கணக்கு. ஒரு லிட்டர் திரவத்தை ஒரு சதுர மீட்டரில் பரப்பினால் ஒரு மில்லிமீட்டர் கனம் நிற்கும். தின்னர் கலக்காத எபாக்ஸிக்கு இதுதான் சூத்திரம். தின்னர் எவ்வளவு கலந்திருக்கிறதோ, அவ்வளவும் ஆவியாகப் போய்விடும். எங்கள் 600 சதுர அடி என்பது ஏறத்தாழ 56 சதுர மீட்டர். முதல் தடவை இரண்டு கைப் பூச்சுக்கும் சேர்த்து வந்தது 8 லிட்டர். அதிலும் மூன்றில் ஒரு பங்கு தின்னர். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான், தரையில் நின்றது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று தெரிந்தது. சதுர அடிக்கு இவ்வளவு ரூபாய் என்று பேசிவிட்டு, எத்தனை லிட்டர் என்று கேட்காமல் விட்டது எங்கள் தவறுதான். மூட்டை விலை பேசி எடை கேட்காமல் சரக்கு இறக்குவோமா?

மழையில் சோதனை, கோடையில் வேலை

கனம் குறைந்தது ஒரு காரணம். ஆனால் கொப்புளம் எழும்பியதற்குக் காரணம் அது அல்ல, ஈரம். நம் பழைய கிடங்குகள் பலவற்றில் தரைக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பு எதுவும் போடப்பட்டிருக்காது. மண்ணின் ஈரம் ஆவியாக மேலே வந்துகொண்டே இருக்கும். வெறும் சிமெண்டில் அது தெரியாமல் காற்றோடு போய்விடும். மேலே காற்றுப் புகாத பூச்சைப் பூசினால் போக வழியின்றிப் பூச்சையே தள்ளிக்கொண்டு எழும்பும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, 16 மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டுவிட வேண்டும். எடுத்துப் பார்க்கும்போது தாளின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ பூச்சு வேலையைத் தொடங்கக் கூடாது. ஒரே இடத்தில் வைத்துப் பார்த்தால் போதாது. சுவரோரம், நடு இடம், உப்பு அடுக்கும் மூலை என்று பல இடங்களில் பார்க்க வேண்டும்.

ஒப்பந்தக்காரர்கள் இந்தச் சோதனையைச் செய்வதானாலும் வேலை தொடங்கும் கோடையில்தான் செய்கிறார்கள். பங்குனி வெயிலில் எந்தத் தரையும் காய்ந்துதான் இருக்கும். கார்த்திகையில் கிணற்று நீர் மேலே வரும்போதுதான் தரையின் உண்மை நிலை தெரியும். ஆகவே இரண்டாம் தடவை நாங்கள் கார்த்திகையிலேயே தாள் ஒட்டிப் பார்த்தோம். நடுவிலும் வண்டி நிற்கும் இடத்திலும் தாள் சுத்தமாக இருந்தது. சுவரோரம் ஒரு பக்கம் ஈரம். பார்த்தால், கூரைத் தண்ணீர்க் குழாய் உடைந்து வெளியே அஸ்திவாரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது! குழாயை மாற்றிய பத்து நாளில் அந்த இடமும் காய்ந்துவிட்டது.

உப்பு மூலை மட்டும் எதற்கும் மசியவில்லை. பல ஆண்டுகளாக உப்பு மூட்டை கிடந்த தரையில் உப்பு ஊறிப்போயிருக்கும். அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிக் காயவிட்டும் தாளில் துளி நின்றது. கடைசியில் அந்த 40 சதுர அடியைப் பூச்சுக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டு, கடப்பைக் கல் பதித்து விட்டோம். எல்லாத் தரைக்கும் எபாக்ஸி ஆகாது என்று ஒப்புக்கொள்வதில் குறைவொன்றும் இல்லை.

இன்னும் சில தரைகளும் ஆகாது. மெழுகு போட்டுப் பளபளப்பாக்கிய சிவப்புக் காவித் தரையில் பூச்சு பிடிக்காது. செங்கல் ஜல்லித் தரையின் மேல் மெல்லிதாகச் சிமெண்டுப் பூசி விட்டிருந்தால், ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போக வேண்டும். டொக்கென்று வெற்றோசை வந்தால் அந்த மேல்பூச்சு அடியோடு ஒட்டவில்லை என்று பொருள். அதை உடைத்தெடுத்துப் புதிதாகப் போட்டு, 28 நாள் கழித்துத்தான் எபாக்ஸிக்குப் போகலாம்.

மளிகைக்காரர்கள் மட்டும் அறிய வேண்டிய ஒன்று உண்டு. வெல்லம், சர்க்கரை சிந்திய இடத்தில் குழியை அடைக்கப் புதுச் சிமெண்டு வைத்தால் அது இறுகாமல் தூளாகவே உதிரும். சர்க்கரை கொஞ்சம் கலந்தாலே சிமெண்டு இறுகுவது கெட்டுவிடும். இது தெரியாமல் கொத்தனாரைத் திட்டியிருக்கிறோம். அந்த இடத்தை வெந்நீர் ஊற்றி நன்றாகத் தேய்த்துக் கழுவிக் காயவிட்டு, எபாக்ஸியும் மணலும் கலந்த பட்டியால்தான் அடைக்க வேண்டும்.

எப்படிப் பிரித்தோம்

கிடங்கை முழுதாகக் காலி செய்து பத்து நாள் வெளியே வைக்க நம்மில் எத்தனை பேருக்கு இடம் இருக்கிறது? ஆகவே பாதி பாதி. மாதம் பிறந்தால் முதல் 10 நாள் சம்பளக்காரர் வீட்டுச் சாமான் கட்டுவதிலேயே போகும். அதனால் பிப்ரவரியில் 12-ஆம் தேதிக்கு மேல் பின்பாதி, மார்ச்சில் 12-ஆம் தேதிக்கு மேல் முன்பாதி என்று வைத்துக்கொண்டோம். மாசி, பங்குனி இரண்டும் மழையற்ற மாதங்கள். கத்தரி வெயில் வருவதற்குள் வேலை முடிந்துவிடும். ஆடியில் ஆரம்பிக்காதீர்கள். தென் மாவட்டக் காற்றில் ஈரப் பூச்சின்மேல் தெருப் புழுதி முழுவதும் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு பாதிக்கும் வேண்டிய டப்பாக்களை ஒரே தடவையில், ஒரே தொகுப்பு எண் பார்த்து வாங்கிவிட வேண்டும். தனித்தனியாக வாங்கினால் நிறம் ஒரு சாயல் மாறும். பிரிக்கும் கோடு ஆட்கள் நடக்கும் பாதையின் நடுவில் வரக்கூடாது. எங்கள் தரையில் ஏற்கெனவே ஒரு வெட்டு இணைப்பு குறுக்காக ஓடியது. அதையே எல்லையாக வைத்து மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டோம். இப்படிப்பட்ட இணைப்புகளைக் கெட்டிப் பட்டியால் அடைக்கக் கூடாது. வெயிலுக்கும் குளிருக்கும் தரை அசையும்போது அது பிளந்துவிடும். இழுபடும் தன்மையுள்ள பாலியூரித்தேன் அடைப்பான்தான் சரி.

முதல் நாள் தேய்ப்பு. முதல் தடவை ஆசிட் ஊற்றிக் கழுவியதோடு சரி. ஆசிட் சிமெண்டை அரிக்கும். எண்ணெயை ஒன்றும் செய்யாது. தரைக்குள் தண்ணீரை வேறு இறக்கிவிடும். இம்முறை வைரக்கல் பதித்த இயந்திரத்தால் தேய்த்து, தூசியை அப்போதைக்கப்போதே உறிஞ்சி எடுக்கச் சொன்னோம். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. முகமூடி இல்லாமல் யாரையும் நிற்க விடக்கூடாது. மற்றப் பாதியில் இருக்கும் சரக்கைத் தரையிலிருந்து கூரை வரை தார்ப்பாய் கட்டி மறைத்துவிட வேண்டும். தேய்த்த பின் தரையில் தண்ணீர் தெளித்துப் பார்த்தோம். துளி உருண்டு நின்றால் எண்ணெயோ மெழுகோ இருக்கிறது; உடனே உறிஞ்சிக்கொண்டால் தரை தயார். எண்ணெய் டின் மூலையில் துளி உருண்டது. சோப்புத் தூளும் காஸ்டிக் சோடாவும் போட்டு, கையுறையோடு, இரண்டாம் நாள் முழுவதும் அதையே தேய்த்து அலசினார்கள். பிறகு இரண்டு நாள் மின்விசிறி வைத்துக் காயவிட்டு மறுபடி தெளித்துப் பார்த்தோம்.

“இதுக்கே இத்தனை நாளா அண்ணாச்சி?” என்று வேலைக்கு வந்த பையன் கேட்டான். “தம்பி, போன தடவை மூணே நாள்ல முடிச்சோம். அதான் மறுபடி வந்திருக்கே” என்றோம்.

பூச்சு மூன்று கட்டம். முதலில் பிரைமர். தண்ணீர் போல இளகி, தரையின் துளைகளுக்குள் இறங்குவது. சில இடங்களில் முழுவதும் உறிஞ்சப்பட்டு வறட்சியாகத் தெரிந்தால் அங்கே இன்னொரு கை. மறுநாள் நிறப் பூச்சு. அதற்கு மறுநாள் மேல்பூச்சு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் போகக்கூடாது. போனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் அடுத்ததைப் பூச வேண்டும்.

நேரம் முக்கியம். காலையில் வெயில் ஏற ஏறத் தரைக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும்; பூச்சில் ஊசித் துளைகள் விழும். சூடு இறங்கும் மாலை நேரம்தான் நல்லது. கடையில் ஆள் குறைவான நேரம் பார்த்து ஆரம்பித்து, இரவு பூட்டும்போது முடித்துவிடலாம். பனி இறங்கும் ஈரமான இரவுகளைத் தவிர்க்க வேண்டும். மேலே வெள்ளையாக எண்ணெய்ப் பசை போல ஒரு படலம் வந்தால் அதைத் தண்ணீர் விட்டுத் துடைத்தெடுக்காமல் அடுத்த பூச்சு போகக்கூடாது.

நிறப் பூச்சுக்கு 0.25 மில்லிமீட்டர் கனம் பேசியிருந்தோம். பாதித் தரை 28 சதுர மீட்டர். அப்படியானால் 7 லிட்டர். காலி டப்பாக்களை எண்ணிப் பார்த்த பிறகே மேஸ்திரியை அனுப்பினோம்.

வண்ணச் செதிலுக்கு வருவோம். நிறப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே பல வண்ணப் பிளாஸ்டிக் செதில்களைக் கோழிக்குத் தீனி இறைப்பது போல, ஆனால் மேல்நோக்கி வீசித் தூவுகிறார்கள். அவை மெல்ல இறங்கித் தட்டையாகப் படியும். அடியில் ஆணி வைத்த செருப்புப் போட்டுக்கொண்டு ஈரத்தின் மேலேயே நடக்கிறார்கள். மறுநாள் தகட்டால் சுரண்டி, ஒட்டாததைக் கூட்டி எடுத்துவிட்டு, நிறமற்ற மேல்பூச்சு. சலவைக்கல் போல இருக்கும். ஒட்டுப் போட்ட இடமெல்லாம் மறைந்துவிடும்.

அந்த மறைப்பதுதான் கிடங்குக்குள் ஆகாது என்பது எங்கள் கருத்து. எலிப் புழுக்கை, சிந்திய அரிசி, வண்டு எல்லாம் காலையில் நம் கண்ணில் பட வேண்டும். பல நிறச் செதிலில் எதுவும் தெரியாது. ஆகவே உள்ளே வெறும் இளஞ்சாம்பல் நிறம். செதில் வண்டி நிற்கும் இடத்துக்கு மட்டும். அங்கே டயர்க் கறையை மறைக்கும், மழை நாளில் வழுக்காமல் சொரசொரப்பும் தரும். உள்ளே மாவும் எண்ணெயும் சிந்தும் பாதையில், மேல்பூச்சில் மெல்லிய மணல் கலந்து பூசச் சொன்னோம். மூட்டை சுமப்பவர் வழுக்கி விழுந்தால் தரையின் பளபளப்பு எதற்கு? ஷட்டர் ஓரம் வெயில் படும் இடத்தில் எபாக்ஸி மஞ்சள் பூக்கும் என்பதால் அங்கே பாலியூரித்தேன் மேல்பூச்சு.

ஒரு நாள் கழித்து நடக்கலாம். மூன்று நாளில் கொஞ்சம் பாரம் ஏற்றலாம். ஆனால் முழுதாக இறுக 7 நாள் ஆகும். மூட்டையும் வண்டியும் 7 நாள் கழித்தே ஏறின. தூரம் ஓடி வந்த வண்டியின் சூடான டயர், இறுகாத பூச்சை எப்படிப் பிடுங்கும் என்று ஏற்கெனவே பார்த்தவர்கள் நாங்கள். தேயிலைத் தூள் எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். தேயிலை, காப்பி இரண்டையும் அந்த நாட்களில் வீட்டு மாடியில் வைத்திருந்தோம்.

சுமைக்காரர் ஒருவர் முதல் நாள் வாசலில் நின்று, “என்ன அண்ணாச்சி, கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு, செருப்பைக் கழட்டணுமா?” என்றார். செருப்போடு வரலாம், இரும்புச் சக்கர வண்டிதான் வரக்கூடாது என்று சொல்லி, கைவண்டிகளுக்கு ரப்பர் சக்கரம் மாற்றினோம். மூட்டைக்கு அடியில் மரச்சட்டம் வைப்பதை நிறுத்தவில்லை. தரை காய்ந்திருந்தாலும் மழைக்காலக் குளிரில் அதன்மேல் வியர்வை போல ஈரம் படியும்.

இதை எழுதும்போது இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. எண்ணெய் டின் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடம் எழும்பியது. அங்கே தேய்த்தது போதவில்லை போலும். அதைச் சதுரமாக வெட்டியெடுத்து, அடித்தரையை மறுபடி சோப்புப் போட்டுத் தேய்த்துக் காயவைத்து, வீட்டில் எடுத்து வைத்திருந்த கலக்காத டப்பாக்களிலிருந்து கால் லிட்டர் கலந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நாங்களே பூசிவிட்டோம். உற்றுப் பார்த்தால் ஒட்டுத் தெரியும். டின்களை அதன்மேல் அடுக்க ஒரு வாரம் பொறுத்தோம்.